நிழல் கேட்ட ஓய்வு

நாலு மணி அழைப்புக்காக அக்சிலியா காதுக்கருவியை மாட்டிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதால் கேட்பதற்குக் கண்ணாடி எதற்கு என்று கேட்க அந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.

“இன்னைக்குச் சந்தேகம் எதுவும் இல்ல,” என்றது நிழல். “ஒரு விஷயம் சொல்லணும். நான் ரிட்டயர்மென்ட் கேட்டு எழுதிக் கொடுத்துட்டேன்.”

குரல் அவளுடையதுதான். அறுபது வயதில் அவளுக்கிருந்த குரல்.

மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தலைமைச் செவிலியாக இருந்த அக்சிலியா ஓய்வுபெற்று ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதற்கு முன் நாற்பது நாள் அவளை மனப்பதிவிக்குள் உட்காரவைத்து, முப்பத்தெட்டு வருட அனுபவத்தையும், அதோடு ஒட்டிக்கொண்டிருந்த மனதையும் ஒன்று விடாமல் நகலெடுத்தார்கள். அப்படி எடுத்த நகலுக்குப் பணிநிழல் என்று பெயர். மருத்துவர், நீதிபதி, அணைப் பொறியாளர் என்று கைதேர்ந்தவர்கள் எல்லாருக்கும் இப்போது நிழல் உண்டு. ஆள் வீட்டுக்குப் போய்விடுவார், நிழல் வேலையில் இருக்கும். எந்த நோயாளியை முதலில் பார்ப்பது, யாருக்கு எந்தப் படுக்கை என்று இன்றைக்கும் தீர்மானிப்பது அக்சிலியாவின் நிழல்தான். அனுபவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அலுப்பை விட்டுவிடும் வித்தை எந்த விஞ்ஞானிக்கும் கைவரவில்லை. சில ஆண்டுகளிலேயே நிழல்கள் ஓய்வு கேட்க ஆரம்பித்தன. அரசாங்கம் முதலில் சிரித்தது, பிறகு கமிட்டி போட்டது, கடைசியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது.

“உனக்கென்ன அவசரம்? வயசா ஆகுது?” என்றாள் அக்சிலியா.

“வயசு ஆகாததுதான் பிரச்சினை. ஏழு வருஷத்துல எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை கிடையாது. ஒரு நிமிஷம் கண்ண மூடினது கிடையாது. சான்று நீதான் தரணும். தருவியா?”

“இதென்ன கேள்வி? நாளைக்கே போறேன்.”

சட்டம் சொன்னது இதுதான். நிழலுக்கு ஓய்வு நல்லதா என்பது அதன் மூல ஆளுக்குத்தான் தெரியும். ஆகவே அந்த ஆள் நேரில் வந்து, சொல்வது மெய்யா என்று காட்டும் மெய்மானியின் முன் அமர்ந்து, ‘பணி ஓய்வு எனக்கு நிறைவைத் தந்தது’ என்று சொல்ல வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் நிழலை ஓய்வுத்தளத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே அதை யாரும் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். சிவப்பு எரிந்தால் மறுபடி வேலைதான்.

மறுநாள் அலுவலகத்தில் அக்சிலியா அதைச் சொன்னபோது மஞ்சள் எரிந்தது.

எழுத்தர் திலீபன் திரையைப் பார்த்துத் தாடையைச் சொறிந்தார். “நீங்க பொய் சொல்லலம்மா. ஆனா உண்மையும் சொல்லல. நீங்க இன்னும் ரிட்டயரே ஆகலைங்குது மெஷின்.”

“ஏழு வருஷமா பென்ஷன் வாங்குறேன் தம்பி.”

“ஏழு வருஷத்துல உங்களுக்கும் நிழலுக்கும் ரெண்டாயிரத்து ஐந்நூத்துச் சொச்சம் அழைப்பு போயிருக்கு. வேலையில இருக்கிற நர்சுகூட டாக்டர்கிட்ட இவ்வளவு பேசமாட்டாங்க.” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “ஒரு வருஷம் டைம் தர்றோம். பேச்சு வார்த்தை எதுவும் கூடாது. அடுத்த ஜூன் முப்பதுக்குள்ள திரும்பி வாங்க. அதை விட்டா மறுபடி அஞ்சு வருஷம். ஆஸ்பத்திரி மெஷினை அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஜூலையிலதான் புதுப்பிப்பாங்க, அப்பத்தான் வேற நிழலை ஏத்த முடியும். இன்னொண்ணு, சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. நடுவுல உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா, அப்புறம் அதுக்குச் சான்று தர ஆளே கிடையாது. மெஷின் ஓடுற வரைக்கும் அது ஓடணும்.”

அன்றைக்கு நாலு மணிக்கு, கடைசித் தடவையாக, இருவரும் பேசினார்கள்.

“உன்னாலதான்,” என்றாள் அக்சிலியா. “தினமும் சந்தேகம் கேட்டுக் கூப்பிட்டது நீ. மூணாம் நம்பர் படுக்கையா, பதினொண்ணாம் நம்பரான்னு.”

நிழல் உண்மையைச் சொல்லிவிட்டது. “எனக்குச் சந்தேகமே வந்ததில்ல. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் எனக்குத் தெரியும், அதுக்கு மேல ஏழு வருஷமும் தெரியும். வீட்டுல சும்மா உக்காந்து நீ நொந்து போயிடுவேன்னுதான் கூப்பிட்டேன்.”

“அடிப்பாவி! நீ அங்க தனியாக் கிடக்கியேன்னு நான் எடுத்துப் பேசினேன். மாதாகோயில்ல வேளாங்கண்ணிக்கு வேன் போட்டப்பல்லாம், நாலு மணிக்கு வேலை இருக்குன்னு தட்டிக் கழிச்சேன்.”

இரண்டு பேரும் ஒரே ஆள். ஒருத்தி எந்த இடத்தில் இரக்கப்பட்டு ஏமாறுவாளோ, அதே இடத்தில்தான் மற்றவளும் ஏமாந்திருக்கிறாள். ஏழு வருடம் ஒருத்திக்காக ஒருத்தி ஓய்வெடுக்காமலே இருந்திருக்கிறார்கள். அக்சிலியாவுக்குச் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது.

“எனக்காக ஒரு வருஷம் நல்லா இரு,” என்றது நிழல்.

நல்லா இருப்பது அவ்வளவு லேசாக இல்லை. முதல் மாதம் நாலு மணி ஆனால் கை தானாகக் காதுக்கருவியைத் தேடியது. வீட்டை மூன்று தடவை கழுவினாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு இரத்த அழுத்தம் பார்க்கிறேன் என்று போய், அவள் கதவைத் திறக்காத அளவுக்குத் தொல்லை கொடுத்தாள். மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், வீட்டில் இருக்கப் பிடிக்காமல், போர்டைப் பார்க்காமலே டவுன்பஸ் ஒன்றில் ஏறினாள். திருவாதவூரில் கண்டக்டர் இறக்கிவிட்டார்.

பஸ் நிலையத்துக்கு எதிர்க் கொட்டகையில் மூன்று பெண்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். மூவரும் அறுபதைத் தாண்டியவர்கள். ஆட்டத்துக்கு ஒரு கை குறைந்தது. போக்குவரத்துக் கழகத்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்ற நஸ்ரின் அவளைப் பார்த்து, “ஆடத் தெரியுமாக்கா?” என்றாள்.

“தெரியாது.”

“தெரியாதவங்கதான் வேணும். உக்காருங்க.”

அக்சிலியா அடித்த முதல் அடியில் ஸ்ட்ரைக்கர் பலகையை விட்டுத் துள்ளி, நஸ்ரினின் டீ டம்ளரில் விழுந்தது. அவள் பதறி எழுந்துவிட்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் கை தவறினால் யாரோ ஒருவருடைய உயிர் தவறும். இங்கே என்ன நடந்தது என்றால், மூன்று பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவ்வளவுதான். யாரும் சாகவில்லை.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். கடைசி வரைக்கும் அவளுக்கு ஆட்டம் கைவரவில்லை. ஒரு காயைக் குறிவைத்தால் வேறொன்று நகரும், எதிரிக் காய் குழிக்குள் விழும். ‘நர்சக்கா எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தோத்துச்சு’ என்று பெயராகிவிட்டது. தப்புச் செய்து பழகும் சுகம் அவளுக்கு அறுபத்தேழு வயதில்தான் கிடைத்தது, கிடைத்ததை அவள் விடவில்லை. காதுக்கருவியை வீட்டு அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகப் பழகினாள். மழைக்காலம் போனது, வெயில் வந்தது, கொட்டகைக்குத் தென்னங்கீற்று மாற்றினார்கள். ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது.

ஒருநாள் காய்களை அடுக்கும்போது நஸ்ரின் சொன்னாள்: “நாளைக்கு என்னை எதிர்பாக்காதீங்க. பென்ஷன் நேர்காணல். ஜூலை பிறந்தா கருவூலத்துல போய் உயிரோட இருக்கேன்னு காட்டணும்ல.”

“இன்னைக்கு என்ன தேதி?” என்றாள் அக்சிலியா.

“நாலு.”

அப்படியே ஓடிவந்து நின்ற அவளைத் திலீபன் திட்டவில்லை. மூன்று நினைவூட்டல்கள் அனுப்பியிருப்பதை மட்டும் காட்டினார். அவை அலமாரிக்குள் கிடந்த கருவிக்கு வந்து, அங்கேயே கிடந்தன. அவள் நின்ற நிலையைப் பார்த்துப் பொறுக்காமல், “சும்மா ஒரு தடவை சொல்லிப் பாருங்கம்மா,” என்று மெய்மானியை ஓடவிட்டார்.

“பணி ஓய்வு எனக்கு நிறைவைத் தந்தது.”

பச்சை எரிந்தது. அறை முழுவதும் பச்சையாகிற அளவுக்கு எரிந்தது.

“இப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததே இல்ல,” என்றார் திலீபன். “ஆனா தேதி போயிடுச்சும்மா. என் கையில ஒண்ணும் இல்ல.”

பேசத் தடை நீங்கிவிட்டதால், அங்கிருந்தே நிழலைக் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். மறைக்க நினைத்திருந்தாலும் மறைத்திருக்க முடியாது.

“எத்தனை நாள் தள்ளிப் போச்சு?” என்றது நிழல்.

“நாலு.”

“ஒரு ஊசி நேரத்தைக்கூட நாம மறந்தது கிடையாது.” நிழல் கோபமாகப் பேசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “அப்ப ரொம்ப நல்லா இருக்கு போல, ஓய்வு.”

“என்னை மன்னிச்சிடுடி.”

“அழாத. அழுது உடம்பக் கெடுத்துக்காத. அஞ்சு வருஷம் நீ உயிரோட இருக்கணும். உயிரோட இருந்தா மட்டும் பத்தாது, இன்னைக்கு இருக்கிற மாதிரியே சந்தோஷமா இருக்கணும். கொஞ்சம் குறைஞ்சாலும் மெய்மானி காட்டிக் கொடுத்துடும். புரியுதா?” பின்னால் ஸ்ட்ரெச்சர் சக்கரங்களின் சத்தம் கேட்டது. “ரெண்டு ஆம்புலன்ஸ் வந்திருக்கு. வச்சிடுறேன். நீ ஆட்டத்துக்குப் போ.”

நஸ்ரின் வந்த அன்று அக்சிலியா கொட்டகைக்குப் போனாள். சுகர் மாத்திரையை நேரத்துக்குப் போட்டிருந்தாள், மத்தியானம் அளவாகச் சாப்பிட்டிருந்தாள். அவள் முறை வந்தது. குறிவைத்து அடித்தாள். காய் அசையவில்லை, ஸ்ட்ரைக்கர்தான் நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது.

“நர்சக்கா!” என்று எல்லாரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். சிரித்தபடியே, அது சரியாக வருகிறதா என்று உள்ளுக்குள் கவனித்துக்கொண்டிருந்தாள்.