ஈரப் பின்னலில் ஒரு பள்ளம்

நாற்காலியின் ஈரப் பின்னலில் யாரோ உட்கார்ந்துவிட்டுப் போன பள்ளம் இருந்தது.

காப்பிக் கோப்பையோடு கொட்டகைக்குள் நுழைந்த வெர்டாவுக்கு அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஹிக்கரி மரத்தின் உள்பட்டையை வாராக உரித்து, ஊறவைத்து, முந்தின நாள் முழுக்க முதுகு ஒடியப் பின்னி முடித்த இருக்கை அது. காய ஒரு வாரமாவது ஆகும். அதுவரை பூனையைக்கூட அதன் மேல் ஏறவிட மாட்டாள். ஈரத்தில் முதலில் உட்காருகிறவரின் அச்சு பட்டையில் இறங்கிவிடும். காய்ந்தபின் எந்தச் சுத்தியலாலும் அதை நிமிர்த்த முடியாது. கென்டக்கி மலையில் நாற்காலி பின்னுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் இது தெரியும்.

மகள் ஓப்பலாக இருக்காது. பதினோரு வயது எலும்புக்கூட்டுக்கு இவ்வளவு பெரிய பள்ளம் விழாது.

செத்துப்போன கணவனின் தம்பி எஸ்டில் புதுப் பட்டைச் சுருள்களோடு லாரியில் வந்து இறங்கியபோது, அவன் தொப்பியைக் கழற்றுமுன்பே பிடித்துக்கொண்டாள்.

"உக்கார உனக்கு வேற இடமே கெடைக்கலையா?"

"நேத்து நான் இந்தப் பக்கமே வரல அண்ணி. அதுவும் இந்த அகலம் என் இடுப்புன்னா, என் பொண்டாட்டி எனக்கு என்னதான் ஆக்கிப்போடறான்னு ஊரே வந்து கேக்கும்."

சிரித்துக்கொண்டே குனிந்து பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான். பள்ளம் வலப்பக்கம் ஆழமாகவும் இடப்பக்கம் மேலோட்டமாகவும் இருந்தது. சுரங்கக் கூரை விழுந்து இடது இடுப்பு ஒடிந்த அவள் கணவன் கார்பின், சாகும்வரை அப்படித்தான் ஒருச்சாய்ந்து உட்காருவான்.

"அன்னைக்குப் பெட்டியத் தூக்கினதும் நாற்காலியக் கவுத்திருக்கணும்," என்றான் எஸ்டில், அவள் முகத்தைப் பார்க்காமல். "நான் கைய வச்சேன். நீங்கதான் தடுத்துட்டீங்க."

பிப்ரவரியில் கார்பினின் சவப்பெட்டியை முன்னறையில் இரண்டு நாற்காலிகள் மேல்தான் வைத்திருந்தார்கள். பெட்டியைத் தூக்கிய கையோடு நாற்காலிகளைத் தரையில் கவிழ்த்துவிடுவது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். செத்தவனுக்கு அதுதான் விடைகொடுப்பது.

"பதினாலு வருஷம் அவன் தள்ளிவிட்டதையெல்லாம் குனிஞ்சு நிமித்தி வச்சேன். செத்தப்புறமும் அவனுக்குச் சேவகம் பண்ணணுமா? முடியாதுன்னேன். தப்பா?"

"தப்பே இல்ல அண்ணி. ஆனா எந்திரிச்சுப் போன்னு சொல்ல நமக்கு வேற வழி இல்லையே."

"இப்பக் கவுத்தா?"

"இப்பக் கவுத்தா நாற்காலிதான் கவுழும்."

அவன் போனதும் அவள் பின்னலை அறுத்தெறிந்துவிட்டு மறுபடி பின்ன உட்கார்ந்தாள். பயம் இல்லாமல் இல்லை. பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. அப்பனின் செருமல் கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிகிற ஓப்பல், இந்த மூன்று மாதமாகத்தான் வாய்விட்டுப் பாடுகிறாள். சாப்பாட்டு மேசையில் கரண்டியைத் தட்டித் தாளம் போடுகிறாள். அந்தப் பாட்டைக் கெடுக்க எவன் வந்தாலும், மண்ணுக்கு மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும், விடமாட்டேன் என்று பற்களைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு வாரையும் இழுத்து இறுக்கினாள்.

மறுநாள் பிற்பகலில் பின்னல் முடிந்தது. பலகை போல் மட்டமாக இருந்தது. எதிரே ஒரு பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அவள் காவல் காத்தாள். மே மாத வெயில் பலகை இடுக்குகளில் நீளநீளமாக விழுந்தது, ஈரப்பட்டையின் இனிப்பு வாசம் கொட்டகை முழுக்கக் கனத்துத் தொங்கியது, கூரைத் தகரம் சூட்டில் அவ்வப்போது முனகியது, ஓடைப் பக்கம் ஒரு பறவை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பறவை நின்றது. இனிப்பு வாசத்துக்கு அடியிலிருந்து வேறொன்று கிளம்பி வந்தது. மெல்லும் புகையிலை. நிலக்கரித் தூள். பழைய வியர்வை.

பட்டை முனகியது.

பட்டப்பகலில், அவள் கண்ணெதிரே, பின்னல் இறங்கியது. முதலில் வலப்பக்கம். பிறகு இடப்பக்கம், வலிக்கு அஞ்சினாற்போல் மெதுவாக.

"எந்திரிடா."

வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் அவனை அவள் அப்படிப் பேசியதில்லை. பள்ளம் இன்னும் கொஞ்சம் அழுந்தியது. வசதியாக உட்காருகிறான்.

கத்தியை எடுத்தாள். குறுக்கே வெட்டினாள், நெடுக்கே வெட்டினாள், பதினாலு வருஷ ஆத்திரமும் கைக்கு வந்தது. வாய்க்கு வந்ததெல்லாம் சொல்லித் திட்டினாள். கடைசி வாரும் அறுந்து விழுந்தபோது நான்கு கட்டைகளும் நடுவில் வெறும் ஓட்டையும்தான் மிச்சம். இனி எதில் உட்காருவாய் என்று ஒருமுறை காறித் துப்பினாள்.

அறுந்த வார்களை அள்ளிக்கொண்டு போய்க் கொல்லையில் தீ வைத்தாள். ஈரப்பட்டை சீறிப் புகைந்தது. கீழே ரோட்டில் பள்ளிக்கூட பஸ் நின்று கிளம்பும் சத்தம். ஓப்பல் பாடிக்கொண்டே மேட்டில் ஏறி வருவது கேட்டது. கோழிக்கூடு தாண்டி. கொட்டகைப் பக்கம்.

பாட்டு பாதியில் நின்றது.

வெர்டா ஓடினாள். கொட்டகை வாசலில் பைக்கட்டு கிடந்தது.

நாற்காலி பின்னங்கால்கள் இரண்டில் சாய்ந்து நின்றது. முன்னங்கால்கள் தரையிலிருந்து ஒரு சாண் மேலே. பின்னால் சுவர் இல்லை. நடுவில் ஓட்டை. சுரங்கத்திலிருந்து வந்ததும் கார்பின் அப்படிச் சாய்ந்துகொண்டுதான் காலை நீட்டுவான். பூட்ஸ் கழற்றுவது ஓப்பலின் வேலை.

ஓப்பல் மண்டியிட்டிருந்தாள். வெறும் காற்றில் அவள் விரல்கள் முடிச்சுகளைத் தேடித் தேடி அவிழ்த்தன.

"ஓப்பல். எழுந்து வா. அம்மாகிட்ட வா."

"இரும்மா." குரலில் பயம்கூட இல்லை, உயிரே இல்லை. "ஒரு காலுதான் ஆயிருக்கு."

உள்ளங்கைகளைப் பாவாடையில் துடைத்தாள். துணியில் நிலக்கரி கறுப்பாக ஒட்டியது. முழங்காலாலேயே கொஞ்சம் நகர்ந்து, தலையைக் குனிந்து, அடுத்த காலுக்குக் கையை நீட்டினாள்.