கீரைக்கு ஏற்ற ஸ்பீக்கர்

நிர்மலா அக்கா மொபெட்டைக் கடை முன்னால் நிறுத்தினார். பின்னால் கட்டியிருந்த கூடையில் கீரை குறையவே இல்லை. வெயில் ஏறிவிட்டது. இலைகள் தலை சாயத் தொடங்கியிருந்தன.

கடத்தூரில் அவர் தெருமுனையில் நின்று “கீரேய்ய்!” என்றால் கடைசி வீடுவரை கேட்கும். அது போன மாதம்வரை. பிறகு தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. தீபாவளிவரை கத்தவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“ஹீனா பாப்பா, போனுக்கு வைக்கிற சின்ன ஸ்பீக்கர் இருக்குதா?” என்று கேட்டார். குரல் வெறும் காற்றாக வந்தது.

அது ஹீனாவின் அத்தா வைத்திருக்கும் செல்போன் கடை. அத்தா சேலத்துக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். கல்லூரியில் படிக்கும் அண்ணன் தாரிக் கல்லாவில் இருந்தான். ஆறாம் வகுப்புப் படிக்கும் ஹீனா போன் உறைகளைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்ல நேரத்துல வந்தீங்கக்கா!” என்று தாரிக் எழுந்தான். அவனுக்கு ஸ்பீக்கர் என்றால் உயிர்.

மூன்றை எடுத்து வைத்தான். ஒன்று சிவப்பு, குண்டு. ஒன்று கறுப்பு, உயரம். ஒன்று நீலம், சோப்பு டப்பா அளவு.

சிவப்பில் ஒரு பாட்டைப் போட்டான். டம் டம் டம்! கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. ஹீனா மாட்டிய உறைகளில் நாலைந்து கீழே விழுந்தன.

“எப்படிக்கா? நெஞ்சுல இடிக்குதுல்ல?”

“இடிக்குது தம்பி.”

“கறுப்பு கொஞ்சம் சாந்தமான ஆளு. இந்த நீலம் இருக்குதே, இது கொசு. சும்மா காட்டினேன்.”

அக்கா சிவப்பை நோக்கிக் கை நீட்டினார்.

“அக்கா,” என்றாள் ஹீனா. “நீங்க பாட்டா விக்கப் போறீங்க?”

“பெரிய மனுசி, நீ உறையைப் பொறுக்கு,” என்றான் தாரிக்.

“இல்லண்ணா. பாட்டு கேட்டா கீரைன்னு யாருக்குத் தெரியும்? கீரைன்னு கூப்பிட்டுப் பாக்கணும். வூட்டுக்குள்ள இருக்கறவங்களுக்குக் கேக்குதான்னு பாக்கணும்.”

தாரிக் தலையைச் சொறிந்தான். “அதுவும் சரிதான்.”

அக்காவின் போனில் ஒலிப்பதிவை அழுத்தினார்கள். அக்கா வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

“நீயே சொல்லிடு பாப்பா.”

ஹீனா சொன்னாள். அக்கா கையை ஆட்டித் தடுத்தார்.

“‘கீ’யை இழுக்காத. ‘ரே’யை இழு.”

“கீரேய்ய்! அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை!”

இந்த முறை அக்கா தலையாட்டினார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளே அம்மா பரிதா மிக்ஸியில் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சிவப்பு ஸ்பீக்கரை மொபெட்டின் மேல் வைத்து, பதிவு செய்த குரலைப் போட்டு, சத்தத்தை முழுதாகக் கூட்டினார்கள்.

ஒரு நிமிடத்தில் அம்மா ஓடி வந்தார். இரண்டு கைகளிலும் இரண்டு வாளிகள். ஒன்றில் மக்கும் குப்பை. மற்றதில் மக்காத குப்பை.

“எங்கடா குப்பை வண்டி? மைக்குல என்னமோ கத்துச்சே, போயிடுச்சா?”

தாரிக் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான்.

“போயிடுச்சும்மா,” என்றாள் ஹீனா.

அம்மா அப்போதுதான் அக்காவைப் பார்த்தார். “என்ன நிர்மலா, காலையில ஆளையே காணோம்? கீரை இல்லாம வெறும் பருப்பு வச்சேன்.”

“வந்தேங்கக்கா. வாசல்ல நின்னு கூப்பிட்டேன். உங்களுக்குக் கேக்கல.”

“அட, கதவைத் தட்டக் கூடாதா? இரு, அடுப்பைப் பாத்துட்டு வரேன்.”

அம்மா உள்ளே போனார். தாரிக் அடக்கிவைத்திருந்த சிரிப்பை விட்டான். ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

“எத்தனை தெருவுலதான் கதவைத் தட்டுவேன் தம்பி?” என்றார். கீரைமேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார்.

தாரிக்கின் சிரிப்பு நின்றது. அவனே சிவப்பை எடுத்துவிட்டுக் கறுப்பை வைத்தான்.

கறுப்புக்கு யாரும் வரவில்லை. ஹீனா உள்ளே ஓடினாள். “அம்மா, ஏதாச்சும் கேட்டுச்சா?”

“பக்கத்து வூட்டு டிவி கேட்டுச்சு. ஏன்?”

மிச்சம் இருந்தது கொசுதான்.

நீல ஸ்பீக்கரில் டம் டம் இல்லை. அதிர்வு இல்லை. மெல்லிசாக, கூராக ஒரு குரல் தெருவில் போனது. வீட்டுக்குள் மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு அது சட்டென்று நின்றது.

“ஏய் ஹீனா!” அம்மா கரண்டியோடு வாசலுக்கு வந்தார். “படிக்கிற பிள்ளை தெருவுல நின்னு என்னடி கீரை கூவுற?”

ஹீனா வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.

“முருங்கைக்கீரை!” என்றது ஹீனாவின் குரல்.

அம்மா ஹீனாவின் வாயைப் பார்த்தார். மொபெட்டைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார்.

அக்கா கூடையைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“கேட்டுச்சாம்மா?” என்றாள் ஹீனா.

“கேக்காம? கடைசியில முருங்கைக்கீரைன்னது வரைக்கும் கேட்டுச்சு. ரெண்டு கட்டு எடு நிர்மலா.”

“நான் கீரைமேல தண்ணி தெளிப்பேனே. இது தாங்குமா?” என்று அக்கா கேட்டார்.

தாரிக் பெட்டியைத் திருப்பிப் படித்தான். “இது நனையலாங்க. அந்தச் சிவப்புதான் நனையக் கூடாது.” பிறகு மெதுவாகச் சொன்னான். “ஆடறதுக்கு அதுதான் நல்லது. கூப்பிடறதுக்கு இதுதான்.”

பழைய சைக்கிள் டியூப்பைக் கீற்றாக வெட்டி, நீல ஸ்பீக்கரை அவனே மொபெட்டின் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினான். நின்ற இடத்திலேயே அக்கா அதை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

“உன் குரலை எடுத்துக்கிட்டுப் போறேன் பாப்பா.”

“உங்க குரல் வந்ததும் என்னோடதை அழிச்சிடுங்க,” என்றாள் ஹீனா.

மறுநாள் காலை ஹீனா தலை பின்னிக்கொண்டிருந்தபோது, அவள் குரல் தெருவில் வந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவும் திறந்தது. குரல் அடுத்த தெருவுக்குத் திரும்பியது.

பள்ளியில் டீச்சர் வருகைப்பதிவு எடுத்தார். “ஹீனா!”

“கீரேய்ய்!” என்று பின் வரிசை மொத்தமும் பதில் சொன்னது. டீச்சர்கூடச் சிரித்துவிட்டார். ‘ரே’யைச் சரியாகத்தான் இழுத்தார்கள் என்று ஹீனா நினைத்தாள்.

மாலையில் மொபெட் கடை முன்னால் வந்து நின்றது.

“வித்துச்சாக்கா?” என்று தாரிக் கேட்டான்.

அக்கா வாயைத் திறந்தார்.

“பேசாதீங்க!” என்றாள் ஹீனா.

அக்கா வாயை மூடிக்கொண்டார். கூடையின் கயிற்றை அவிழ்த்தார். கூடையைத் தூக்கித் தன் தலையில் தொப்பியைப்போலக் கவிழ்த்துக்கொண்டார்.