ஆயாக் கொட்டாயில் பிரியாவிடை

பிற்பகல் மழையில் கேக் பெட்டி நனையாமலிருக்க அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு எங்கள் துறைக் கட்டடத்துக்குள் ஓடினேன். கேக்கின் மேலே நீல நிறத்தில் ‘செலாமாட் ஜாலான் டாக்டர் கிருஷாந்தி’ என்று மலாயில் வழியனுப்பு வாழ்த்து எழுதியிருந்தது. இத்தனை வருடம் கூட வேலை பார்த்தவருக்கு நான் வாங்கியது அவ்வளவுதான். நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

எங்கள் பல்கலைக்கழகக் கிளை பத்து காஜா ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டியது. ஒரே ஒரு நீளக் கட்டடத்தை மட்டும் இடிக்காமல் சுண்ணாம்பு அடித்து, ஏர்கோன் மாட்டி, எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். தோட்டக் காலத்தில் அது ஆயாக் கொட்டாய். பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் விடியுமுன்னே பிள்ளைகளைத் தூக்கிவந்து விட்டுப் போவார்களாம். அதன் கடைசி அறை கிருஷாந்தி அக்காவுடையது. என்ன தெளித்தாலும் அங்கே புளித்த பால் வாடை போகாது. எலி செத்திருக்கும் என்று கேலி செய்வேன். அக்கா சிரிக்கமாட்டார்.

தினமும் அறையைப் பூட்டும்போது, யாருமில்லாத உள்பக்கத்தைப் பார்த்து “போயிட்டு வாரேன்” என்பார். படித்த மனுஷிக்கு இப்படி ஒரு பழக்கம் என்று துறையில் எல்லாருக்கும் சிரிப்புதான்.

அன்று கூட்ட அறையில் கூரை ஒழுகியதால், பிரியாவிடையை அந்தக் கடைசி அறையிலேயே வைத்துவிட்டார்கள். நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா என்னை நடைவழிக்கு அழைத்தார்.

“தர்மா, இன்னைக்கு நான் என்ன சொல்லிட்டுப் போறது?”

“பேச்சு எழுதலையாக்கா?”

“பேச்சு இல்லப்பா. அறைக்கு.”

சிரிக்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

“ஒருநாள் சொல்ல மறந்துட்டேன்,” என்றார் மெல்ல. “சித்தியவான்ல என் வீடு வரைக்கும் பின் சீட்டுலருந்து என் முந்தானைய புடிச்சிட்டே வந்துச்சு. சின்னக் கை. வீட்டுக்குள்ள போவாம அப்படியே காரத் திருப்பி வந்து சொன்ன பிறகுதான் விட்டுச்சு.”

“அக்கா…”

“இனிமே நான் வரப்போறதில்ல. வாரேன்னு சொன்னா காத்துக்கிட்டே கெடக்கும். சொல்லாம போனா கூடவே வந்துரும். பெர்த்ல மக கூடப் போய் இருக்கப்போறேன். அவளுக்கு இது ஒம்போதாம் மாசம்லா. பச்சப்புள்ள இருக்கப்போற வீடு, தர்மா.”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனாலும், அக்கா பயந்து நான் பார்த்ததே இல்லை. என் மனைவி ஈப்போ ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தபோது, என் வகுப்புகளை எல்லாம் சத்தமில்லாமல் எடுத்தவர் அவர். அவள் போன பிறகு, காலையில் என் மேசையில் சாப்பாட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். நான் நன்றி சொன்னதில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் சொல்லவில்லை.

துறைத் தலைவர் மலாயில் நீட்டி முழக்கினார். துணை விரிவுரையாளர் ஷர்மினி பேச எழுந்து அழுதுவிட்டு உட்கார்ந்தாள். அடுத்து நான். எழுந்து அக்காவைப் பார்த்தேன்.

அவருடைய முந்தானை, காற்றே இல்லாத அறையில், சுவர் மூலையை நோக்கி விறைப்பாக நீண்டிருந்தது.

மறுமுனையில் யாரும் இல்லை.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் தோளில் சேலையை இறுகப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

பால் வாடை மூக்கில் ஏறியது. யோசித்து வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோயிற்று. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நம்மவர்கள் ஆறுதலுக்குச் சொல்கிற ஒன்றுதான் நாக்கில் வந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

“எல்லாத்துக்கும் நன்றிக்கா. நீங்க கவலப்படாம போங்க. இங்க நான் இருக்கேன்.”

முந்தானை தொப்பென்று விழுந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள்.

என் சட்டையின் பின்புறத்தை ஏதோ பிடித்தது.

சின்னப் பிடி. ஈரமாக இருந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. கேக் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, ஷர்மினி மூக்கை உறிஞ்சியபடி “அக்கா, போயிட்டு வா…” என்று ஆரம்பித்தாள்.

“வாய மூடு!” என்று கத்திவிட்டேன்.

அறையே என்னை முறைத்தது. அக்கா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் மாதிரி, திரும்பிப் பாராமல் மழையில் இறங்கிப் போனார். கார் நகரும்போது பின் கண்ணாடி வழியே உற்றுப் பார்த்தேன். பின் சீட்டு காலியாகத்தான் இருந்தது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அடுத்த வாரமே அந்த அறையை எனக்குத் தந்துவிட்டார்கள். நானும் தினமும் “போயிட்டு வாரேன்” என்று சொல்லித்தான் பார்க்கிறேன். ஆனால் அன்று நான் கொடுத்த வாக்கு ‘இங்க நான் இருக்கேன்’ என்பதல்லவா. நாளுக்கு நாள் அந்தப் பிடி தளர நேரமாகிறது. முன்பெல்லாம் ஐந்து மணிக்குக் கிளம்புவேன். இப்போது இருட்டிவிடுகிறது.

நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போகப் பையை எடுத்துத் தோளில் மாட்டிய நேரம், பெர்த்திலிருந்து அக்கா அழைத்தார்.

“பேரன் பொறந்துட்டான் தர்மா. தாயும் புள்ளையும் சுகம். இங்க ஒன்னும் வரல. நல்லா இருப்பீங்கப்பா நீங்க.” குரல் தழுதழுத்தது.

எனக்கும் கண் கலங்கியது. “கேக்குதேக்கா. பய நல்லா தொண்டையத் தொறந்து அழுறான்.”



“புள்ள தூங்குறான் தர்மா.”

போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

அழுகை கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

தோளிலிருந்து பையைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

நின்றுவிட்டது.