படகுக்காரருக்கு ஒரு நிமிடம்

"ஏனுங்க... என் மூணு வருசத்த அழிச்சுப்போட்டீங்களே!"

பின்னாலிருந்து குரல் வந்தபோது ஷ்ரவ்யா திரும்பவில்லை. திரும்ப ஏது நேரம்? ஓடுகிற கடிகாரம் இருபத்திரண்டாவது நிமிடத்தைக் காட்டியது. இந்த நேரத்தில் கட்டடம் தீப்பிடித்தது என்று சொன்னாலும் "சித்த இருங்க, வாரேன்" என்றுதான் சொல்லியிருப்பாள்.

காந்திபுரத்தில் ஹுமேரா அக்காவின் கேம் சென்டர். வெளியே கொட்டுகிற மழை. உள்ளே வரிசையாகப் புதுக் கம்ப்யூட்டர்கள், ஜன்னலோரம் மட்டும் தொந்தி பெருத்த ஒரு பழைய கம்ப்யூட்டர். 'மாரோ கோட்டை' என்ற அந்தக் காலத்து விளையாட்டு அசலாக ஓடுவது அதில்தான். ராஜகுமாரன் ஒருவன் ஊர் ஊராகப் போய், வழியில் வருகிறவர்களோடு பேசி, ஆற்றைத் தாண்டி, கோட்டையைப் பிடிக்க வேண்டும். நிதானமாக ஆடினால் மாதக்கணக்கில் போகும். ஷ்ரவ்யாவுக்கு ஐம்பது நிமிடம் போதும். ஸ்பீட்ரன்! யாரோடும் பேசாமல், எதையும் பார்க்காமல் ஓட்டமோ ஓட்டம்.

பாதி வழியில் ஒரு முறை சேவ் செய்தே ஆக வேண்டும். அதற்குத் திரையில் மூன்று கட்டங்கள். அம்புக்குறி எப்போதும் முதல் கட்டத்தில்தான் நிற்கும். அதைக் கீழே இறக்கினால் அரை வினாடி வீண். அதனால் ஓட்டக்காரர்கள் கட்டத்தில் என்ன இருக்கிறதென்று பார்ப்பதே இல்லை, தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். வீட்டு லேப்டாப்பில் நகலை ஆடிப் பழகி, இந்த மெஷினில் முதல்முறையாக உட்கார்ந்த அவளும் தட்டிவிட்டாள்.

"அந்த மொதக் கட்டம் என்னுதுங்க. அறுநூத்திப் பன்னெண்டு மணி நேரம்..."

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாமென்று திரும்பினாள். இமையோரம் மழைத்துளி நிற்க, இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. கோபமே இல்லாத கண்கள்... ஐயோ, திட்டியிருந்தாலாவது பரவாயில்லையே! வாழ்க்கையில் முதன்முறையாக ஓடுகிற கடிகாரத்தை மறந்தாள் ஷ்ரவ்யா.

"சாரிங்க. எங்க வரைக்கும் போயிருந்தீங்கன்னு சொல்லுங்க, இருபது நிமிசத்துல கொண்டாந்து உட்டுடறேன்."

"எடத்துக்குக் கொண்டாந்துருவீங்க. அந்த ஊருக்காரங்க எல்லாத்தையும் எனக்குப் பழக்கமாக்கி உடுவீங்களா?"

அவன் பெயர் ரூபன். சோமனூரில் தறி மெக்கானிக். வாரம் ஆறு நாள் காதுக்குள் தடக் தடக். சனிக்கிழமை மாலை பஸ் ஏறி வந்து, இந்த விளையாட்டின் ஊர்களில் சும்மா நடப்பான். குளத்தோரம் உட்காருவான். கோட்டைப் பக்கமே போனதில்லையாம்.

"போனா முடிஞ்சுருமேங்க" என்றான்.

ஷ்ரவ்யாவுக்குச் சிரிப்பு வந்தது. கணபதி ஏரியாவில் அப்பா பாலகோபாலின் மோட்டார் கம்பெனியில் டெஸ்டிங் பார்ப்பவள் அவள். அங்கே மணிக்கு இத்தனை என்று இலக்கு வைத்துத்தான் மூச்சே விடுவார்கள்.

"அழிச்சது நீதானே கண்ணு? கூட உக்காந்து ஆடிக் குடு" என்று தீர்ப்புச் சொன்னார் ஹுமேரா அக்கா.

அப்படித்தான் சனிக்கிழமைகள் தொடங்கின... ராஜகுமாரனுக்கு ஷ்ரவ்யா வேண்டுமென்றே 'சோமனூரு' என்று பேர் வைத்தாள். யார் பேசினாலும் அவள் விரல் தானாகப் பட்டனைத் தட்டப் போகும். "கையெடுங்க அம்மணி, அவரு இன்னும் பேசி முடிக்கல" என்பான் ரூபன். ரொட்டிக்கடைக்காரியின் மூன்று மகள்களுக்கும் என்ன பேர் என்பதுவரை அவளுக்கு இப்போது தெரியும். வெள்ளிக்கிழமை வந்தால் டெஸ்டிங் பெஞ்சில் கை வேலை செய்யும், மனசு காந்திபுரத்தில் நிற்கும். 'உனக்கு என்னடி ஆச்சு?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டாள். பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

ஐந்தாவது சனிக்கிழமை ஆற்றங்கரைக்கு வந்தார்கள். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒன்பது நிமிடம். எல்லா ஓட்டக்காரர்களும் அப்படித்தான் போவார்கள். கரையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் படகுக்காரர் யாரையும் ஏற்றுவதில்லை.

"சித்த நேரம் எதையும் தொடாதீங்க" என்றான் ரூபன். "ஒரு நிமிசம். சும்மா நில்லுங்க."

நின்றாள். சரியாக அறுபதாவது வினாடி படகுக்காரர் தலை நிமிர்ந்தார். வா, ஏறு என்றார்!

"ஏனுங்க, எட்டு நிமிசம் மிச்சமுங்க!" ஷ்ரவ்யா நாற்காலியிலிருந்து துள்ளினாள். "உலகத்துல யாருக்கும் தெரியாது! இத வச்சே ரெக்கார்டை ஒடைச்சுப்போடுவேன்!" போனை எடுத்து மடமடவென்று கணக்குப் போட ஆரம்பித்தாள். நடு ஆற்றில் படகு நின்றிருந்தது. படகுக்காரர் ஏதோ சொல்லக் காத்திருந்தார்.

"அவரு பேசறத நீங்க கேக்கோணும்னுதானுங்க இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தேன்..."

"பேச்சு கெடக்குதுங்க, வழி கெடச்சிருச்சே!"

ரூபனின் முகம் சுருங்கியது. "அப்ப நானும் உங்களுக்கு ஒரு குறுக்கு வழிதானுங்களா?"

'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பாழாய்ப்போன ரோஷம் முந்திக்கொண்டது. "அறுநூறு மணி நேரம் ஆடியும் முடிக்கத் தெரியாதவங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்க."

ரூபன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். முதல் கட்டத்தில் சேவ் செய்தான். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் செய்ய எத்தனை முறை எடுத்தாளோ அத்தனை முறையும் கீழே வைத்தாள். அவனே பேசட்டுமே! வீட்டு லேப்டாப்பில் வெறிபிடித்தவள்போல் பழகினாள். ஆனால் சாதனை செல்லுபடியாக வேண்டுமென்றால் அசல் மெஷினில்தான் ஆட வேண்டும். அதனால் ஞாயிறு காலை ஹுமேரா அக்கா கேமராவை வைத்து நேரலை போட்டார். முறியடிக்க வேண்டியது கொச்சிக்காரர் ஒருவரின் நாற்பத்தொரு நிமிடம் பத்து வினாடி. அதை உடைப்பது ஷ்ரவ்யாவின் நாலு வருடக் கனவு.

கடிகாரம் ஓடியது. படகுக்காரர் முன்னால் ஒரு நிமிடம் நின்றாள், அவர் ஏற்றிக்கொண்டார். அவர் பேச்சை வழக்கம்போலத் தட்டித் தாண்டினாள். எல்லாம் கச்சிதம். சேவ் திரை வந்தது. விரல் தட்டப் போனது...

முதல் கட்டம். 'சோமனூரு. முப்பத்தொரு மணி நேரம்.'

குளத்தோரம் இருவரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்த சாயங்காலம் அதற்குள் இருந்தது. "கையெடுங்க அம்மணி" என்று அவன் சொன்ன அத்தனை தடவையும் அதற்குள் இருந்தது. நடு ஆற்றில் ஒரு படகு இன்னும் நின்றுகொண்டிருந்தது.

விரல் கீழே இறங்கியது. இரண்டாவது கட்டத்தில் தட்டினாள்.

கோட்டை விழுந்தபோது கடிகாரம் நாற்பத்தொரு நிமிடம் பத்து வினாடியைத் தாண்டியிருந்தது. வெறும் கால் வினாடி! அம்புக்குறியை இறக்கிய அந்த அரை வினாடி மட்டும் போகாமல் இருந்திருந்தால் சாதனை அவளுடையது.

"அடக் கடவுளே!" ஹுமேரா அக்கா தலையில் கைவைத்தார். "அந்தக் கட்டத்துல எதுக்கு கண்ணு கீழ எறக்குன?" பிறகு அவளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு, கேமராவை அணைத்தார். "சரி, நான் டீ சொல்லிட்டு வாரேன். நாந்தான் இவர வரச் சொன்னேன், மொதல்ல இருந்தே நின்னுட்டுத்தான் இருக்கறாரு."

ஷ்ரவ்யா திரும்பினாள். அதே கண்கள்.

"மொதக் கட்டத்துலயே போட்டிருக்கலாமுங்களே... நாலு வருசக் கனவுன்னு சொன்னீங்க" என்றான் ரூபன்.

"ஒருக்கா அழிச்சது போதுமுங்க. அன்னிக்கு அப்படிப் பேசுனதுக்கு மன்னிச்சுருங்க. நீங்க குறுக்கு வழி இல்லீங்க..."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். மூடிக்கொண்டான். குடைப் பிடியைத் திருகினான். அவளுக்குள் ஆயிரம் வார்த்தைகள் முண்டியடித்தன. சொல்லித் தொலையுங்களேன் என்று கத்தலாம் போலிருந்தது. ஆனால் ஆற்றங்கரை ஞாபகம் வந்தது. விரல்களை மடக்கிக்கொண்டு சும்மா நின்றாள். பத்து வினாடி... முப்பது... ஜன்னலில் மழைத் தூறல்... ஐம்பது...

"சனிக்கிழமையானா கேம் ஆடப் போறேன்னு ஊட்டுல சொல்லிட்டு வருவேனுங்க" என்று தொடங்கினான். "பொய்யிங்க. உங்களப் பாக்கத்தான் வந்தேன். எனக்கு உங்களப் புடிச்சிருக்குங்க."

"எப்ப இருந்து?"

"என் மூணு வருசத்த அழிச்சுப்போட்டுத் திரும்பிப் பாத்தீங்களே... அப்ப இருந்து."

"அட பாவி மனுசா! இந்த ஒண்ணுலயாவது ஸ்பீட்ரன் போட்டிருக்கலாமுல்ல?"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கத்தான் பார்த்தாள், கண்ணீர் முந்திக்கொண்டது. "எனக்கும் புடிச்சிருக்குங்க. ரொம்பப் புடிச்சிருக்கு" என்றாள் அவன் முகத்தைப் பார்த்தே.

இன்னொரு நாற்காலியை இழுத்து அவளே போட்டாள். முதல் கட்டத்தைத் திறந்தாள். நடு ஆறு, நின்ற படகு. படகுக்காரர் பேச ஆரம்பித்தார். ஷ்ரவ்யா பட்டனிலிருந்து கையை எடுத்து ரூபனின் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பேசட்டுமுங்க" என்றாள். "இன்னிக்கு எனக்கு ஒரு அவசரமும் இல்ல."