வாட்டர் டெஸ்ட்

மூன்றாவது நாள் காலையிலும் கார்ப்பெட் ஈரமாகத்தான் இருந்தது.

ஃபர்ஸானா மண்டியிட்டு, டிரைவர் சீட்டுக்கு முன்னால் கால் வைக்கும் இடத்தில் உள்ளங்கையை அழுத்தினாள். விரல்களுக்கு நடுவே தண்ணீர் பொங்கி வந்தது. முந்தின நாள்தான் அந்தக் கார்ப்பெட்டை அவளே கழற்றி வெயிலில் போட்டு, மொறுமொறுவென்று காய்ந்த பிறகு திரும்ப மாட்டியிருந்தாள். மே மாதம். மழைக்கு இன்னும் மூன்று வாரமாவது ஆகும். சுனாபட்டியில் ரயில் பாதையை ஒட்டியிருந்த அந்தத் தகர ஷெட்டில், வண்டிக்கு மேலே பைப்போ தொட்டியோ எதுவும் கிடையாது.

பதினோரு வருடமாக வண்டி எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறாள். மாதுங்காவிலும் செம்பூரிலும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் பையன்கள் அவளைத்தான் தேடி வருவார்கள். பேட்டரி இறங்கிப்போகும், கதவுக் கண்ணாடி பாதியில் நிற்கும், தண்ணீர் உள்ளே புகும் என்று இந்த வண்டிகளின் நோய்கள் அவளுக்கு மனப்பாடம். தண்ணீர் புகுவதற்கு நாலே வழிதான். முன்கண்ணாடிக்குக் கீழே இலைதழை அடைத்துக்கொள்ளும் துளையில் கம்பி விட்டுப் பார்த்தாள், அடைப்பே இல்லை. ஏசி தண்ணீர் ஒழுங்காக வெளியே தரையில் சொட்டியது. கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழியவில்லை. கண்ணாடி ரப்பரும் புதிது. இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் கசிந்தால் தித்திப்பாக வாசனை வரும், விரலில் பிசுபிசுக்கும். இது அது இல்லை. கடல் ஏறுகிற நாளில் நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் நிரம்பி, வெளியே போக வழியில்லாமல் சந்துக்குள் வந்து நிற்குமே, அந்தத் தண்ணீரின் வாசனை.

பதினொரு மணிக்கு வண்டிக்காரன் நகுல் மாதுங்காவிலிருந்து போன் செய்தான்.

"அக்கா, வெள்ளத்துல மாட்டின வண்டியான்னு பார்த்தேளா? செகண்ட் ஹேண்ட்ல வாங்கறச்சே யாரும் அப்படி ஒண்ணும் சொல்லலையே."

"பாத்துட்டேன் தம்பி. சீட்டுக்கு அடியில போல்ட்டெல்லாம் பளபளன்னு இருக்கு. சேறு படிஞ்ச அடையாளமே இல்ல."

"பின்ன எங்கேர்ந்துதான் வரது?"

"இன்னைக்குக் கண்டுபிடிச்சிருவேன்," என்றாள்.

அவளிடம் ஒரு வழி மிச்சமிருந்தது. நேற்றுக் கிளம்பும் முன், இரண்டு கதவுகளின் உட்புறத்திலும் டால்கம் பவுடர் தூவி வைத்திருந்தாள். மேலிருந்து தண்ணீர் இறங்கினால் பவுடரில் தடம் விழும். தடம் எங்கே தொடங்குகிறதோ அங்கே ஓட்டை. டார்ச்சை அடித்துப் பார்த்தபோது இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை. கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே வரைக்கும் பவுடர் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே துளிகூட இல்லை. ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு கோடு. இரண்டு கதவிலும் ஒரே உயரத்தில்.

தொட்டியில் தண்ணீர் நின்று வடிந்தால்தான் அப்படிக் கோடு விழும்.

அவள் பழந்துணியை எடுத்து அவசர அவசரமாக அதைத் துடைத்தாள். ஏன் துடைக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஷெட்டின் வாசலில் டிங்கர் வேலை செய்யும் ராஜபாண்டி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாண்டிண்ணே, ஒரு பத்து நிமிசம் ஓஸ் புடிக்கணும்."

"வாட்டர் டெஸ்ட்டா? நீ உள்ள உக்காரு தங்கச்சி, நான் சுத்தி அடிக்கேன்."

"எடுத்த எடுப்புல கூரையில அடிச்சிராதீங்க. கீழேருந்து மெல்ல மேல வாங்க."

வழக்கமான சோதனைதான். ஒருவர் வெளியே தண்ணீர் அடிக்க, ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து எங்கே கசிகிறது என்று பார்ப்பது. நூறு வண்டியிலாவது அப்படி உட்கார்ந்திருப்பாள். தரையில் அமர்வது போலத் தாழ்வான அந்த சீட்டில் சரிந்து கதவை இழுத்தாள். கதவு கனமாக மூடியது. கண்ணாடி தானாக ஒரு விரல் அளவு ஏறி, கூரை ரப்பருக்குள் போய்ப் பொருந்தியது. லோக்கல் ரயிலின் தடதடப்பும், பக்கத்துக் கடையில் தகரம் தட்டும் சத்தமும், யாரோ யாரையோ இந்தியில் திட்டிக்கொண்டிருந்ததும் ஒரேயடியாக அறுந்துபோயின. காது அடைத்துக்கொண்டது.

தண்ணீர் கதவில் மோதியது. பிறகு கண்ணாடியில். ராஜபாண்டியின் நீலச் சட்டை கரைந்து ஒழுகியது. அவள் ஒவ்வொரு ரப்பர் ஓரமாக வெளிச்சத்தை நகர்த்தினாள். காய்ந்திருந்தது. எல்லாமே காய்ந்திருந்தது.

ஓஸ் நின்றது. கண்ணாடி தெளிந்தது. வெளியே ராஜபாண்டி குழாயைச் சுருட்டத் தொடங்கினான்.

தண்ணீர்ச் சத்தம் நிற்கவில்லை.

அது கீழேயிருந்து வந்தது. களுக், களுக் என்று, யாரோ குடிப்பது போல. கால் சில்லிட்டது. டார்ச்சைத் தாழ்த்தினாள். கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீர்.

கைப்பிடியை இழுத்தாள். இழுத்தால் முதலில் கண்ணாடி சற்று இறங்கும், அப்புறம் கதவு விடும். கண்ணாடி இறங்கவில்லை. ஹாரனை அழுத்தினாள். சத்தமில்லை. பேட்டரி செத்தால் திறப்பதற்கென்றே சீட்டோரம் ஒரு கம்பி வளையம் உண்டு. குனிந்து, தண்ணீருக்குள் துழாவி, பிடித்து இழுத்தாள். வளையம் லேசாக வந்தது. கம்பியோடு முழுசாக, கையோடு வந்துவிட்டது.

முழங்கால்.

டார்ச்சால் கண்ணாடியை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். கீறல்கூட விழவில்லை. ராஜபாண்டி இரண்டு எட்டுத் தூரத்தில் நின்றிருந்தான். வண்டியைப் பார்த்தான். நேராக அவளைப் பார்த்தான். பிறகு ஷெட்டுக்குள் பார்த்தான்.

போன். அவன் நம்பரை அழுத்தினாள். வெளியே அவன் போனைக் காதில் வைத்தான்.

"பாண்டிண்ணே! கதவத் தொறங்க!"

"எங்க இருக்க தங்கச்சி? வண்டிக்குள்ள உன்னயக் காணுமே. எப்ப எறங்கின?"

"உள்ளதான் இருக்கேன்! தண்ணி ஏறுது!"

"ஒண்ணும் வெளங்கல. கொளகொளன்னு கேக்கு."

ஆனாலும் வந்தான். அல்லாஹ், வந்துவிட்டான். கைப்பிடியில் கை வைத்தான். கண்ணாடி ஒழுங்காக இறங்கியது. கதவு முழுசாகத் திறந்தது. வெயில் தெரிந்தது. ரயில் சத்தம் கேட்டது. பக்கத்துக் கடையில் வெங்காயம் வதங்கும் வாசனை.

தண்ணீர் வெளியே கொட்டவில்லை.

திறந்த கதவில் நிமிர்ந்து நின்றது. சுவர் போல. இடுப்பளவுக்கு. அவள் பாய்ந்தாள். தோள் இடித்தது. தண்ணீருக்கு மேலே, வெறும் காற்றிலும் இடித்தது. கையால் குத்தினாள். கல்.

ராஜபாண்டியின் கை மட்டும் சுலபமாக உள்ளே வந்தது. அவள் இடுப்பைக் கடந்து, முழங்காலைக் கடந்து, கீழே போய்க் கார்ப்பெட்டைத் தடவியது. அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் விரல்கள் தண்ணீரைத்தான் பிடித்தன.

அவன் கையை எடுத்து, விரல்களை உரசிப் பார்த்தான். சொட்டு ஈரமில்லை.

"சோலி முடிஞ்சிட்டு தங்கச்சி," என்றான் போனில், சிரித்த முகத்தோடு. "உள்ள சுத்தமாக் காஞ்சு கெடக்கு. கெட்டிக்காரிதான் நீ. டீ சொல்லிருக்கேன், எங்க இருந்தாலும் சட்டுன்னு வா."

கதவு மூடியது. கண்ணாடி ஒரு விரல் ஏறிப் பொருந்தியது.

மார்பு. கழுத்து.

போன் கையிலிருந்து நழுவியது. டார்ச் எங்கோ கீழே மங்கலாக எரிந்தது. சீட்டில் முட்டி போட்டாள். தலையைப் பின்னால் சாய்த்து முகத்தை மேலே தூக்கினாள். நெற்றி கூரைத் துணியில் உரசியது. நாலு விரல் காற்று. மூச்சு. இன்னொன்று.

மூன்று விரல்.

பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

கண்ணை மட்டும் திருப்பினாள். பக்கத்து சீட்டுக்கு மேலே, கூரையோடு கூரையாக, ஓர் ஆணின் முகம். வெளுத்து, ஊறிப்போய். கூரைத் துணியில் பதிந்த உதடுகள் அவசரமே இல்லாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன. வெகு நாள் பழகியவன் போல. கண்கள் மெல்ல அவள் பக்கம் நகர்ந்தன.

அவன் முகத்தைக் கொஞ்சம் தள்ளி, மிச்சக் காற்றில் அவளுக்கு இடம் விட்டான்.