சிங்கி இறால் கேட்ட மாமா

மாமா வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் மீன் கடைக்குப் போகிற வழியில் எத்தனை குழி இருக்கிறது என்பதுகூட வாண்டுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

மாமா படகு எஞ்சின் மெக்கானிக். அவருடைய ஊர் வேறொரு கடற்கரையில் இருக்கிறது. ஒரு மாத வேலைக்காக வந்து, தங்கை வீட்டில், அதாவது சிறுமி வாண்டின் வீட்டில், தங்கியிருந்தார். வேலையில் கெட்டிக்காரர். சாப்பாட்டில்தான் வம்பு.

"எங்க கடல்ல சிங்கி இறால் இவ்ளோ நீளம் இருக்கும்!" என்று முழங்கை வரை காட்டுவார். தட்டில் நெத்திலி ஆறிப்போய்க் கிடக்கும்.

அம்மா பாவம். நாள் முழுக்கத் தையல் மெஷினை மிதித்துவிட்டு வந்து அடுப்படியில் நிற்பாள்.

"அண்ணன் இப்படி அரை வயிறா எழுந்தா அண்ணி என்ன நினைப்பாங்க? வாண்டு, இன்னைக்காவது சிங்கி இறால் வந்திருக்கான்னு ஓடிப்போய்ப் பாரு!"

"நேத்தும் இல்லம்மா. முந்தாநாளும் இல்ல!"

"வாயடிக்காதே. போ!"

மீன்கார அக்கா அவளைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டாள்.

"மறுபடியுமா? சிங்கி இறால் பாறை இடுக்குல வாழறது, கண்ணு. நம்ம கடலுக்கடியில எங்க பார்த்தாலும் மணல். பாறைய நான் தலையில சுமந்துட்டா வர முடியும்?"

வாண்டுக்கு அழுகை முட்டியது. வீட்டில் அம்மா கத்துகிறாள். கடையில் அக்கா கத்துகிறாள். இறால் கேட்டவர் மட்டும் நிம்மதியாக இருக்கிறார்!

நேராகப் படகுத்துறைக்கு நடந்தாள். மாமா கையெல்லாம் எண்ணெயாக உட்கார்ந்திருந்தார்.

"மாமா! இங்க பாறையே இல்லையாம். எத்தனை தடவை கேட்டாலும் சிங்கி இறால் கிடைக்காது!"

மாமா கையைத் துடைத்தார். "எனக்குத் தெரியாதாடி? சாப்பிட உட்கார்ந்தா வீட்டு நினைப்பு வந்துடுது. உங்க அத்தையும் பசங்களும் கண்ணுக்குள்ளயே நிக்கிறாங்க. வாய் எதையாவது உளறிடுது."

வாண்டின் கோபம் பாதி இறங்கியது. மீதி அப்படியே இருந்தது.

"சரி, உங்க ஊர்ல மணல்ல புதைஞ்சு கிடக்கிற மட்டிச் சிப்பி உண்டா?"

"பாறைக் கரையில ஏது மட்டி?"

"அப்போ எழுந்திருங்க!"

கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. வாண்டு ஒரு வாளியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள்.

"காலால துழாவுங்க மாமா. கல்லு மாதிரி தட்டுப்படும்."

மாமா துழாவினார். ஒன்றை எடுத்துப் பெருமையாக நீட்டினார்.

"அது காலி ஓடு."

இன்னொன்று.

"அதுவும் காலி! வாய் மூடியிருக்கறத எடுங்க மாமா. அய்யோ, உங்களோட..."

"கிடைச்சிடுச்சு!" என்று மாமா போட்ட சத்தத்தில் கரையிலிருந்த நாய் எழுந்து ஓடியது.

அதற்குப் பிறகு அவரைக் கரையேற்றத்தான் வாண்டு படாத பாடு பட்டாள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று சொல்லிச் சொல்லியே வாளியை நிரப்பிவிட்டார்.

அம்மா மட்டியைத் தண்ணீரில் ஊறப்போட்டாள். மாமா நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்த்தார்.

"மணலைக் கக்கட்டும்ணே! கொஞ்சம் பொறுங்களேன்!"

சாப்பாடு தயாரானதும் மாமா மட்டியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். அத்தைக்கு போன் போட்டு, மென்றுகொண்டே, "நீயும் பசங்களும் லீவுக்கு இங்க வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு சட்டியை எட்டிப் பார்த்தார். சட்டி காலி.

"மிச்சம் எங்க, வாண்டு?"

வாண்டு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் வாய் நிறைய மட்டி இருந்தது.