சிவப்பு வண்டியின் கீறல்

"இத்தனை வருஷமா அந்த வண்டியத் துடைச்சவன் நான். நானே கீழ தள்ளிட்டேனாம்!"

லியார்கோ காப்பியைத் தொடவேயில்லை. அவருடைய அண்ணன் ஈவோ பந்தயத்தில் இறந்தபோது ஓட்டிய சிவப்பு மோட்டார் சைக்கிள் அது. இனி யாரும் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு அதை நகராட்சி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, அங்கேயே காவலாளியாக இருந்தார். திங்கட்கிழமை விடுமுறை முடிந்து நேற்றுக் காலை கூடத்தைத் திறந்தபோது வண்டி தரையில் கிடந்தது. பழியை அவர்மேல் போட்டு வேலையை விட்டு நீக்கிவிட்டார் நிர்வாகி குவார்னியேரி.

காப்பி போட்டுக் கொடுத்த, ஓய்வுபெற்ற போலீஸ் ஆய்வாளர் எலிதே எழுந்தார். "வாங்க, பாத்துடலாம்." அவருடைய கொழுந்தன் துயிலியோ, தன் முடிதிருத்தும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே ஓடி வந்தான்.

அருங்காட்சியகக் கூடத்தில் பழைய பந்தயக் கார்களுக்கு நடுவே, ஆகஸ்ட் புழுக்கத்திலும் முழுக்கைக் கோட்டோடு நின்றிருந்தார் குவார்னியேரி. இடது கையை நீட்டி வரவேற்றார்.

"வயசாயிடுச்சு, இவருக்குக் கை நடுங்குது. பாவம்னு வச்சிருந்தேன்."

"பாவமா?" என்று பாய்ந்த லியார்கோவைத் துயிலியோ பிடித்துக்கொண்டான்.

நிமிர்த்தி வைத்திருந்த வண்டியருகே எலிதே குனிந்தார். பெட்ரோல் டாங்கின் வலப்பக்கம் நசுங்கி, நீளமான புதுக் கீறல்கள். கால் வைக்கும் கம்பியின் முனையில் மண்ணும் காய்ந்த புல்லும். முன்னாலிருந்த வெள்ளை எண் பலகையில் கறுப்புப் புள்ளிகள்.

"அண்ணி, பளிங்குத் தரையில ஒரு கோடுகூட இல்லையே!"

"சரியாப் பாத்தே. இந்தப் புள்ளி என்னன்னு சொல்லு."

துயிலியோ நகத்தால் சுரண்டினான். "கொசு! நசுங்கின கொசு."

"நிக்கிற வண்டியில கொசு இப்படி அப்பிக்கிட்டுச் சாகாது. பளிங்குல புல்லும் முளைக்காது. விடுமுறையன்னிக்கு யாரோ இதை வெளிய ஓட்டி, விழுந்து, கொண்டுவந்து இங்க படுக்க வச்சிருக்காங்க."

"சாவி இவர்கிட்டதான் இருக்கு!" என்றார் குவார்னியேரி.

"உங்ககிட்டயும் இருக்கு. வலப்பக்கம் விழுந்தவனுக்கு வலது கை தேஞ்சிருக்கும். லியார்கோ அரைக்கைச் சட்டையில நிக்கிறார், ஒரு சிராய்ப்பு இல்ல. நீங்க கோட்டைக் கழட்டுங்க சார்."

குவார்னியேரி கழற்றவில்லை. துயிலியோ அவருடைய வலது முழங்கையை லேசாகத் தொட்டான். "ஐயோ!" என்ற அலறல் கூடம் முழுக்கக் கேட்டது.

"ஒரே ஒரு சுத்துதான்..." என்று முனகினார் குவார்னியேரி. "சிநேகிதங்க ஆசைப்பட்டாங்க..."

"எங்க அண்ணன் உயிரை விட்ட வண்டிடா அது!" லியார்கோவின் குரல் உடைந்தது. "வேடிக்கைக்கு ஓட்டினது பத்தாதுன்னு, பழியை என் தலையில போட்டியே! உன் வேலை யாருக்கு வேணும்? என் வண்டிய எடுத்துட்டுப் போறேன்."

"அது நகராட்சிச் சொத்து!"

"நிபந்தனைய மீறினது யாரு?" என்றார் எலிதே. குவார்னியேரி வழிவிட்டு விலகினார்.

மூவரும் வண்டியை வெயிலில் உருட்டிக்கொண்டு போனார்கள். மதுக்கடை வாசலில் சீட்டாடியவர்கள் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்கள். லியார்கோ வீட்டுப் பக்கம் திரும்பாமல், நகராட்சியின் தலைவரான மேயர் வீட்டு வாசலில் நிறுத்திக் கதவை ஓங்கித் தட்டினார்.

பணிப்பெண் எட்டிப் பார்த்தாள். "ஐயா சாப்பிட்டுக்கிட்டிருக்காரு."

"வெளிய வந்து இதைப் பாக்கட்டும்," என்றார் லியார்கோ. "அப்புறம் தொண்டையில இறங்குனா சாப்பிடட்டும்."